ஹன்போக்கும் கிமோனோவும்: கொரிய, ஜப்பானிய மரபுடைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரிய வரலாற்றுத் தொடர்களும் ஜப்பானிய அனிமே படங்களும் தமிழ் வீடுகளுக்குள் வந்துவிட்ட பிறகு, அவற்றில் வரும் உடைகளைப் பற்றிய கேள்விகள் என்னிடம் அடிக்கடி வருகின்றன. துணியும் தையலும் என் தொழில். ஆகவே கொரியரின் ஹன்போக், ஜப்பானியரின் கிமோனோ ஆகிய இந்த இரண்டு உடைகளும் எனக்கு முதலில் அறிமுகமானது வெட்டாகவும் தையலாகவும்தான். வரலாற்றைப் பிறகுதான் தேடிப் படித்தேன். கீழே உள்ள பதில்களும் பெரும்பாலும் அந்த வழியிலேயே செல்கின்றன.

படத்தில் பார்த்தவுடனே எது ஹன்போக், எது கிமோனோ என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் இடுப்பைப் பாருங்கள். இடுப்பைச் சுற்றி அகலமான பட்டை ஒன்று இறுக்கிக் கட்டப்பட்டு, முதுகில் பெரிய முடிச்சுடன் நின்றால் அது கிமோனோ. அந்தப் பட்டைக்கு ஓபி என்று பெயர். இடுப்பு இருக்கும் இடமே தெரியாமல், மார்புக்கு மேலிருந்தே பாவாடை குடைபோல விரிந்து, குட்டையான மேல்சட்டையின் முன்புறம் இரண்டு நீண்ட நாடாக்கள் தொங்கினால் அது ஹன்போக். அந்த மேல்சட்டை ஜொகொரி, பாவாடை சிமா, நாடா கொரும்.

இடுப்பு மறைந்திருக்கும் படமானால் கழுத்தையும் கையையும் பார்க்கலாம். ஹன்போக்கின் கழுத்துப்பட்டியின் விளிம்பில் தொங்ஜொங் எனப்படும் மெல்லிய வெள்ளைப் பட்டை கத்தி முனைபோல விறைப்பாக நிற்கும்; கழுத்தை ஒட்டியே அமர்ந்திருக்கும். பெண்களின் கிமோனோவிலோ கழுத்துப்பட்டி பின்புறம் சற்றுக் கீழே இழுத்துவிடப்பட்டுப் பிடரி தெரியும். கிமோனோவின் கை செவ்வகமான பை போலத் தொங்கும். ஜொகொரியின் கை அடிப்புறத்தில் மெல்ல வளைந்து மணிக்கட்டில் குறுகும். அந்த வளைவைக் குறிக்கும் கொரியச் சொல்லே மீனின் அடிவயிற்றையும் குறிக்கிறது, சொல் வளைவுக்கு அவ்வளவு பொருந்துகிறது.

காலில் பெருவிரல் தனியே பிரிந்த வெள்ளைக் காலுறை இருந்தால் அது ஜப்பானியத் தபி. விரல் பிரியாமல், நுனி மேல்நோக்கிச் சற்று வளைந்திருந்தால் அது கொரியப் பொசொன்.

தோற்றம் இருக்கட்டும், அடிப்படையில் இரண்டும் எங்கே பிரிகின்றன?

வெட்டும் இடத்தில். என் கருத்தில் மற்ற எல்லா வேறுபாடுகளும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

கிமோனோ நெய்த துணியை மையமாகக் கொண்ட உடை. அதற்கான துணி, ஏறக்குறைய 36 முதல் 38 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டருக்குக் குறையாத நீளமும் கொண்ட ஒரே சுருளாகத் தறியிலிருந்து வருகிறது. இதை நேர்கோட்டில் மட்டுமே வெட்டுகிறார்கள். உடலுக்கு இரண்டு நீளத் துண்டுகள், கைக்கு இரண்டு, முன்புறம் ஒன்றின்மேல் ஒன்று படிவதற்காகச் சேர்க்கும் குறுகிய துண்டுகள் இரண்டு, கழுத்துப்பட்டிக்கு ஒன்று, அதன்மேல் உறைபோலத் தைக்க ஒன்று என எல்லாமே நாற்கோணத் துண்டுகள்தான். கைக்குழிக்கு வளைவு வெட்டுவதில்லை. தோளுக்குச் சரிவு கொடுப்பதில்லை. உடலின் அளவுக்கு மேல் மிஞ்சுகிற துணியை வெட்டி எறியாமல் தையலுக்குள்ளேயே மடித்துவிடுகிறார்கள். இதனால் ஒரு கிமோனோவைத் தையல் பிரித்து மீண்டும் துண்டுகளைச் சேர்த்து வைத்தால், தறியிலிருந்து வந்த அதே நீளச் சுருள் கிட்டத்தட்ட முழுதாகக் கிடைக்கும். தையல்காரர்கள் இதை ஒருமுறை செய்து பார்த்தால் வியப்படையாமல் இருக்க முடியாது.

ஹன்போக்கிலும் தோளில் தையல் கிடையாது. முன்னும் பின்னும் ஒரே துணி தோளின்மேல் மடிந்து இறங்குகிறது. ஆனால் அந்த ஒற்றுமையோடு சரி. ஜொகொரியின் கழுத்து, கையின் அடிப்புறம், முன்புறக் கீழ்விளிம்பு ஆகிய மூன்று இடங்களிலும் வளைவு வருகிறது. தைப்பவரின் கைத்திறன் தெரிவது அந்த மூன்று வளைவுகளில்தான். கழுத்து வளைவு இம்மி பிசகினாலும் வெள்ளைத் தொங்ஜொங்கின் இரு முனைகளும் சரியாக எதிரெதிரே வந்து நிற்காமல் ஒன்று மேலேறிவிடும், உடை முழுவதும் கோணலாகத் தெரியும். பாவாடையோ இதற்கு நேர்மாறாக மிக எளிது. பல அகலத் துணிகளை ஒன்றாக இணைத்து, நெருக்கமாகக் கொசுவம் பிடித்து, ஒரு பட்டியில் வைத்துத் தைத்து, மார்பைச் சுற்றிக் கட்டிக்கொள்வதுதான் சிமா. நம் பாவாடை தைத்துப் பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

ஆக, கிமோனோ தோளிலிருந்து கணுக்கால் வரை ஒரே உடை. ஹன்போக் மேலும் கீழுமாக இரண்டு உடைகள்.

உடுத்தும் முறை எவ்வாறு மாறுபடுகிறது?

பெண்களின் கிமோனோவை உடுத்தத் தொடங்குபவர் முதலில் காலுறையை மாட்டிக்கொள்ள வேண்டும். ஓபி கட்டிய பிறகு குனிந்து காலுறை போடுவது கடினம் என்பதே காரணம். அதன்பின் உள்ளாடைகள், பிறகு இடுப்பின் குழிவில் மடித்த துண்டுகளை வைத்துக் கட்டுகிறார்கள். உடல் தோளிலிருந்து இடுப்பு வரை மேடுபள்ளம் இல்லாத உருளையாக இருந்தால்தான் துணியின் ஓவியம் சுருங்காமல் தெரியும் என்பது அதன் நோக்கம். அதற்குமேல் நாகாஜுபான் எனப்படும் உள்அங்கி, அதற்குமேல் கிமோனோ. கிமோனோ அணிபவரின் உயரத்தைவிட நீளமாகவே தைக்கப்பட்டிருக்கும். கீழ்விளிம்பைக் கணுக்காலுக்கு உயர்த்திப் பிடித்து, இடுப்பில் ஒரு கயிற்றால் கட்டி, மிஞ்சிய நீளத்தை அந்தக் கட்டின்மேல் ஒரே சீரான மடிப்பாக இறக்கிவிடுகிறார்கள். ஓஹஷோரி எனப்படும் இந்த மடிப்பு ஓபிக்குக் கீழே ஒரு கோடுபோல எட்டிப் பார்க்கும். தாயின் கிமோனோவை அவரைவிடக் குட்டையான மகளும் உடுத்த முடிவது இந்த மடிப்பால்தான். இறுதியில் நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஓபியை இருமுறை சுற்றி, முதுகில் சிறு தலையணை ஒன்றை வைத்து முடிச்சை நிறுத்தி, அதன்மேல் ஒரு பட்டுக் கயிற்றைக் கட்டி முடிக்கிறார்கள். இவ்வளவிலும் பொத்தானோ கொக்கியோ ஊசியோ கிடையாது. இதைக் கற்றுத்தரத் தனிப் பள்ளிகளே ஜப்பானில் இருக்கின்றன.

ஹன்போக்கில் வேலை வேறு திசையில் நடக்கிறது. இங்கே உள்ளாடைகள் உடலைத் தட்டையாக்குவதற்கு அல்ல, பாவாடையை உப்பச் செய்வதற்கு. அகலமான உள்கால்சட்டைகளும் அடுக்கடுக்கான உள்பாவாடைகளும் அணிந்த பிறகுதான் சிமா. அது மார்பைச் சுற்றிக் கட்டப்படும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்கள் பள்ளிக்கூடங்களில் தோள்பட்டை வைத்துத் தைக்கும் வழக்கம் வந்ததால், இன்றைய சிமா நழுவாமல் தோளிலேயே தொங்கி நிற்கிறது. கடைசியில் ஜொகொரி.

சியோலில் நான் முதன்முறை ஹன்போக் உடுத்தியபோது, கடையில் இருந்த முதிய அம்மையார் நாடா கட்டும் நேரத்தில் மட்டும் என் கையைத் தட்டிவிட்டுத் தாமே முன்வந்தார். இரண்டு நாடாக்களில் ஒன்று நீளம், ஒன்று குட்டை. இரண்டையும் குறுக்கே போட்டு ஒன்றை மேலே இழுத்து, மற்றதை மடித்து ஒரே ஒரு காதாக உள்ளே நுழைத்து இறுக்கினார். பிறகு இரு விரல்களால் முடிச்சின் முகத்தை நீவி, சுருக்கம் விழாமல் தட்டையாக்கினார். நாம் செருப்புக் கயிற்றில் போடுவதுபோல இரண்டு காது வைத்த முடிச்சு அல்ல அது. ஒரு காது பக்கவாட்டில் நிற்கும், இரண்டு வால்களும் பாவாடைமேல் நேராக விழும். இதற்கு அரை நிமிடம் கூட ஆகவில்லை. ஆனால் நான் பலமுறை முயன்ற பிறகுதான் அந்த முடிச்சு எனக்குக் கைவந்தது.

இரண்டுமே சீன உடையிலிருந்து வந்தவைதானே?

பாதி உண்மை. இந்தப் பாதி உண்மையை முழு உண்மையாகச் சொல்லும்போதுதான் சிக்கல் வருகிறது.

சீனத்தின் அரண்மனை உடைகள் இரு நாடுகளின் அரசவைகளையும் பாதித்தன என்பதில் ஐயமில்லை. 648இல் சீனத்தின் தாங் அரசவைக்குச் சென்ற, பழைய கொரிய அரசான சில்லாவின் கிம் சுன்சு அந்நாட்டு உடைமுறையைக் கேட்டுப் பெற்று வந்தார். சில்லா அவையில் அது நடைமுறைக்கு வந்தது. ஜப்பானின் நாரா அவையும் தாங் முறையைப் பின்பற்றியது. கிமோனோத் துணியைக் குறிக்கும் கோஃபுகு என்ற ஜப்பானியச் சொல்லின் பொருளே ‘வூ நாட்டு உடை’ என்பதுதான். வூ என்பது சீனத்தின் தென்பகுதி.

ஆனால் மேல்சட்டையும் கால்சட்டையும், மேல்சட்டையும் பாவாடையும் என்ற கொரிய அமைப்பு அதற்கு முந்தையது. குதிரையேறி வாழ்ந்த வடக்கத்திய மக்களின் உடையோடு உறவுடையது. பழைய கொரிய அரசுகளில் ஒன்றான கொகுர்யோவின் கல்லறைச் சுவரோவியங்களில் இதை இன்றும் காணலாம். இன்றைய சீனாவின் ஜியான் நகரில் உள்ள ‘நடனக்காரர் கல்லறை’யில், இடுப்புக்குக் கீழ்வரை இறங்கும் சட்டையும் அகலக் கால்சட்டையும் கொசுவப் பாவாடையும் அணிந்தவர்கள் நீண்ட கைகளை வீசி வரிசையாக ஆடுகிறார்கள்.

வியப்பு என்னவென்றால், அக்கால ஜப்பானியரும் ஏறக்குறைய அப்படியே உடுத்தினர். பழைய மேட்டுக் கல்லறைகளைச் சுற்றி நட்டு வைத்த ஹனிவா மண்பொம்மைகளில் மேல்சட்டை வேறாகவும் கீழாடை வேறாகவும் தெரிகின்றன. 1972இல் நாரா மாநிலத்தின் அசுகாவில் திறக்கப்பட்ட தகமட்சுசுகா கல்லறையின் சுவரில், நீள மேல்சட்டையும் பல வண்ணக் கோடுகள் கொண்ட கொசுவப் பாவாடையும் அணிந்த பெண்கள் கூடி நிற்கிறார்கள். அந்த ஓவியத்தை ஒரு கொரியர் பார்த்தால் தம் ஊர்ப் பெண்கள் என்றே நினைப்பார்.

பிரிவு அதன் பிறகுதான். ஜப்பானில் நாராவுக்கு அடுத்து வந்த ஹேயான் காலத்து அரசவைப் பெண்கள் அடுக்கடுக்காக அணிந்த பெரும் அங்கிகளுக்கு உள்ளே கொசோதே என்ற குறுகிய கைவாயுடைய உள்அங்கி இருந்தது. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல மேல் அடுக்குகள் உதிர, உள்ளே இருந்ததே வெளியுடையாகிவிட்டது. இன்றைய கிமோனோ அந்தக் கொசோதேயின் வழித்தோன்றல். கொரியாவிலோ மேல்சட்டையும் பாவாடையும் என்ற அமைப்பு மாறவில்லை, அளவுகள் மட்டுமே மாறின. சோசொன் அரசு தொடங்கிய 1392ஐ அடுத்த காலத்தில் இடுப்பைத் தாண்டி இறங்கிய பெண்களின் ஜொகொரி, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்குள் மார்புவரை ஏறிவிட்டது. ஷின் யுன்போக் தீட்டிய பெண்களின் ஓவியங்களில் அந்தக் குட்டைச் சட்டையும் மணிபோல உப்பிய பாவாடையும் அப்படியே இருக்கின்றன. இன்று நாம் ஹன்போக் என்று மனத்தில் கொள்ளும் உருவம் பெரும்பாலும் அந்தக் காலத்தின் உருவமே.

எந்தப் பக்கம் மேலே வர வேண்டும்?

இரண்டிலும் அணிபவரின் இடப்பக்கத் துணியே வலப்பக்கத் துணியின்மேல் படிய வேண்டும். ஜப்பானில் 719இலேயே இதற்கு அரசாணை பிறந்தது. கொகுர்யோ ஓவியங்களில் எதிர்ப்பக்கமாக மூடியவர்களையும் காணலாம். பிறகு கொரியாவும் இம்முறைக்கு மாறியது. ஜப்பானில் வலப்பக்கத்தை மேலே போடுவது இறந்தவருக்கு உடுத்தும் முறை. யுகாதா என்ற கோடைக்காலப் பருத்திக் கிமோனோவை உடுத்திப் படம் எடுத்துக்கொள்ளும் நம் ஊர்ப் பயணிகள் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். வலக்கை எளிதாக மார்புக்குள் நுழைகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும், நுழைந்தால் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள்.

கிமோனோவில் நடை ஏன் அவ்வளவு குறுகலாக இருக்கிறது? ஹன்போக்கில் அப்படி இல்லையே?

கிமோனோ கால்களை ஒன்றாகச் சுற்றிப் பிடிக்கிறது. நீண்ட அடி வைத்தால் முன்மடிப்பு விலகிவிடும் என்பதால் கால் நுனியைச் சற்று உள்நோக்கி வைத்துச் சிற்றடியாக நடக்கப் பழகுகிறார்கள். சிமாவுக்குள் கால் எவ்வளவு அகன்றாலும் வெளியே தெரியாது.

உட்காரும் முறையிலும் இதே வேறுபாடு இருக்கிறது, எனக்கு இதுவே நடையைவிடச் சுவையானது. ஜப்பானிய வீட்டில் தத்தாமிப் பாயின்மேல் முழங்கால்களை மடக்கி, குதிகால்களின்மேல் அமர்கிறார்கள். கிமோனோ மடிப்புக் கலையாமல் அமர அதுவே வழி. கொரிய வீட்டில் தரைக்கு அடியில் அடுப்பின் சூடான புகையைச் செலுத்தி அறையை வெதுவெதுப்பாக்கும் ஒந்தோல் முறை உண்டு. அந்தச் சூடான தரையில் பெண்கள் ஒரு முழங்காலை மட்டும் உயர்த்தி, அதன்மேல் பாவாடையை வட்டமாகப் பரப்பி அமர்வது பழைய வழக்கம். கொரியத் தொடர்களில் அரசமாதா அப்படித்தான் அமர்ந்திருப்பார். கிமோனோவில் அப்படி அமரவே முடியாது.

ஓபியின் முடிச்சு ஏன் முதுகில் இருக்கிறது?

ஆரம்பத்தில் ஓபி மெல்லிய கச்சை மட்டுமே. முன்னாலோ பக்கத்திலோ விருப்பம்போல முடிந்துகொண்டார்கள். ‘எதோ’ என்பது தோக்கியோவின் பழைய பெயர்; அந்நகரிலிருந்து ஷோகன் எனப்படும் படைத்தலைவர்கள் ஆண்ட 1603 முதல் 1868 வரையான எதோ காலத்தில் அது அகன்றுகொண்டே போய், முன்னால் வைத்தால் கைவேலைக்கு இடையூறு என்ற அளவுக்குப் பெருத்தபோது முதுகுக்குச் சென்றுவிட்டது. இன்று மிகப் பரவலாகக் கட்டப்படும் ‘தைகோ’ முடிச்சுக்கு எதோவின் கமேய்தோ தெஞ்சின் ஆலயத்தில் உள்ள வளைந்த பாலத்திலிருந்து பெயர் வந்தது. அந்தப் பாலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுப்பிக்கப்பட்ட காலத்தில் அவ்வட்டார கெய்ஷாக்கள் எனப்படும் இசை, நடனக் கலைஞர்கள் பாலத்தின் வளைவைப் போல ஓபியைக் கட்டியது எங்கும் பரவியது.

நிறங்களும் கைநீளமும் அணிபவரைப் பற்றி ஏதேனும் சொல்கின்றனவா?

நிறையவே சொல்கின்றன, ஆனால் வேறு வேறு மொழிகளில்.

கிமோனோவில் கைநீளம் பேசுகிறது. ஃபுரிசோதே எனப்படும், ஏறக்குறைய கணுக்காலைத் தொடுமளவு தொங்கும் கை மணமாகாத பெண்களுக்கு உரியது. ஜனவரி இரண்டாம் திங்கட்கிழமை கொண்டாடப்படும், இளைஞர்கள் பெரியவர்களாவதைக் குறிக்கும் நாளில் ஜப்பானிய நகரங்கள் முழுவதும் அந்தக் கைகள் ஆடும். மணமான பெண் தன் நெருங்கிய உறவினரின் திருமணத்துக்குக் குட்டைக் கை கொண்ட கறுப்புத் தோமேசோதே அணிவார். அதில் குடும்பச் சின்னம் ஐந்து இடங்களில் இருக்கும். ஓவியம் இடுப்புக்குக் கீழே மட்டும். கறுப்பு அங்கே மங்கல நிறம் என்பது நமக்குப் பழகச் சற்று நேரமாகும். பருவமும் கணக்கில் உண்டு. செர்ரி ஓவியத்தை மலர் விரிவதற்குச் சற்று முன்னே அணிய வேண்டும். முழுதாக மலர்ந்த பின் அணிவது இயற்கையோடு போட்டியிடுவதாகும் என்று கருதுவோர் உண்டு.

ஹன்போக்கில் ஓவியம் குறைவு. வண்ணப் பரப்புகள் ஒன்றையொன்று எதிர்கொள்வதே அழகு. நீலம் கிழக்கு, வெள்ளை மேற்கு, சிவப்பு தெற்கு, கறுப்பு வடக்கு, மஞ்சள் நடு என ஐந்து நிறங்களுக்குத் திசைகள் உண்டு. முதல் பிறந்தநாளில் குழந்தைக்கு அணிவிக்கும் சட்டையின் கையில் பல நிறப் பட்டைகளை அடுக்கித் தைப்பது தீங்கைத் தள்ளிவைக்கும் என்பது நம்பிக்கை. பச்சை ஜொகொரியும் சிவப்புச் சிமாவும் புதுமணப்பெண்ணுக்கு. ஊதா நாடா இருந்தால் கணவர் இருக்கிறார் என்றும், கைவாயில் நீலப் பட்டை இருந்தால் ஆண் குழந்தை உண்டு என்றும் பழைய நாட்களில் படித்துக்கொண்டார்கள். இன்றைய திருமணங்களில் மணமகளின் தாய் இளஞ்சிவப்புச் சாயலிலும் மணமகனின் தாய் நீலச் சாயலிலும் உடுத்தி, இருவரும் சேர்ந்து வந்து மெழுகுவர்த்தி ஏற்றுவது வழக்கமாகிவிட்டது.

ஆண்களின் உடை?

கொரிய ஆண் அகலமான பாஜிக் கால்சட்டையைக் கணுக்காலில் நாடாவால் கட்டி, மேலே ஜொகொரி, வெளியே செல்லும்போது துருமகி அங்கி, தலையில் மூங்கிலும் குதிரைமயிரும் கொண்டு பின்னிய ஒளிபுகும் கறுப்புத் தொப்பி அணிவார். ஜப்பானிய ஆணின் கிமோனோவில் ஓபி குறுகலானது, இடுப்பெலும்பின்மேல் தாழ்வாக நிற்கும். சடங்குகளுக்கு ஹகாமா என்ற கொசுவக் கீழாடையும் குடும்பச் சின்னம் பொறித்த ஹாவோரி மேலங்கியும் சேரும்.

என்ன துணி? எப்படித் துவைக்கிறார்கள்?

செல்வருக்குப் பட்டு, எளியோருக்குப் பருத்தியும் நார்த்துணியும் என்பது இரு நாட்டிலும் ஒன்றே. கோடைக்கு இருவருமே ராமி என்ற செடியின் நாரை நம்பினார்கள். கொரியாவின் சொச்சொன் வட்டாரத்தில் நெய்யும் ஹன்சான் மோசி ராமித் துணி 2011இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே ஜப்பானின் நீகாதா பகுதியில் நெய்யப்படும் ராமித் துணிகள் சேர்ந்துவிட்டன. ஹன்சானில் பெண்கள் நாரைப் பல்லால் கிழித்து இழையாக்குகிறார்கள். நீகாதாவில் நெய்த துணியைப் பனிப்பரப்பின்மேல் பல நாட்கள் விரித்து வெளுக்கிறார்கள்.

துவைப்பில் இரு நாடுகளும் நெருங்கி வருகின்றன. நல்ல உடையைத் துவைக்க வேண்டுமானால் முதலில் தையலைப் பிரிப்பார்கள். ஜப்பானில் பிரித்த துண்டுகளைத் துவைத்து, கஞ்சி போட்டு, பலகையில் ஒட்டியோ குச்சிகளால் இழுத்து விரித்தோ உலர்த்தி, மறுபடி தைப்பார்கள். கொரியாவில் கஞ்சியிட்ட துணியை மடித்துக் கல்லின்மேல் வைத்து, இரு பெண்கள் எதிரெதிரே அமர்ந்து கைக்கு ஒன்றாக மரத்தடிகளைப் பிடித்து மாறி மாறி அடிப்பார்கள். துணி அதில் மின்னும் மெருகு பெறும். இரவில் ஊர் முழுவதும் கேட்ட அந்தத் தாளம், கைக்குழந்தையின் அழுகையோடும் புத்தகம் வாசிக்கும் குரலோடும் சேர்த்து, வீட்டுக்கு அழகு தரும் மூன்று ஒலிகளில் ஒன்றாகக் கொரியாவில் எண்ணப்பட்டது. அழுக்கு முதலில் படியும் கழுத்துக்கு மட்டும் இருவருமே ஒரே வழியைக் கண்டார்கள். ஹன்போக்கின் தொங்ஜொங்கும், கிமோனோ உள்அங்கியின் ஹன்-எரி பட்டையும் தனியே பிரித்து மாற்றக்கூடியவை.

இங்கே நம் கரையின் கதை ஒன்றும் இருக்கிறது. எதோ காலத்தில் ஐரோப்பியக் கப்பல்கள் சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுசென்ற மெல்லிய கோடிட்ட பருத்தித் துணிக்கு ஜப்பானில் ‘சன்தொமே’ என்று பெயர். போர்த்துக்கீசியர் மயிலாப்பூருக்கு வைத்த சாந்தோம் என்ற பெயர்தான் அது. எதோ நகரத்து நாகரிகர்கள் அதை விரும்பி அணிந்தார்கள். பிறகு ஜப்பானிய நெசவாளர்களே அதைப் போல நெய்யத் தொடங்கினார்கள். கிமோனோவின் கோடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெயர் தெரியாத அந்தக் கரை நெசவாளர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

ஹன்போக்கைக் ‘கொரியக் கிமோனோ’ என்று சொன்னால் என்ன தவறு?

தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. கொரிய மொழியும் பெயர்களும் ஒடுக்கப்பட்ட அந்த ஆண்டுகளில் உடையும் தப்பவில்லை. வெள்ளை உடை அணிவது கொரியப் பொதுமக்களின் நெடுநாள் வழக்கம். தங்களை ‘வெள்ளாடை மக்கள்’ என்றே அவர்கள் அழைத்துக்கொண்டனர். துவைக்க நேரமும் உழைப்பும் வீணாகின்றன என்று சொல்லி, குடியேற்ற அரசு சாயத் துணி இயக்கத்தை நடத்தியது. 1930களில் சந்தைக்கு வெள்ளை உடுத்தி வந்தவர்கள்மேல் மையும் சாயமும் தெளித்த அதிகாரிகள் இருந்தார்கள். இரண்டாம் உலகப் போரின் இறுதி ஆண்டுகளில் பெண்கள் சிமாவை விட்டு மொன்பே என்ற ஜப்பானிய வேலைக் கால்சட்டையை அணியுமாறு வற்புறுத்தப்பட்டார்கள். இந்த நினைவுள்ள ஒரு குடும்பத்தாரிடம் அவர்கள் பாட்டியின் உடையைக் கிமோனோ என்றால் அது எப்படி வலிக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சீனாவோடும் ஒரு பிணக்கு உண்டு. 2022 பிப்ரவரியில் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில், சீனாவின் சிறுபான்மை இனத்தாருள் ஒருவராக ஹன்போக் அணிந்த பெண் தோன்றியதும் தென்கொரியாவில் கடும் எதிர்ப்பு எழுந்தது. சீனாவில் கொரிய இனத்தார் பல லட்சம் பேர் வாழ்கிறார்கள், அவர்களுடைய உடையும் அதுவே என்பது உண்மை. தம் உடையின் மூலத்தை வேறொருவர் உரிமை கொண்டாடிவிடுவார்களோ என்ற கொரியரின் அச்சமும் வெறும் கற்பனை அல்ல. அதே ஆண்டு ஜூலையில், ஹன்போக் உடுத்தும் வாழ்முறையைத் தென்கொரிய அரசு தேசிய மரபாக அறிவித்தது. வடகொரியாவில் இதே உடைக்குச் ‘சோசொன் உடை’ என்று பெயர்.

இன்று யார், எப்போது அணிகிறார்கள்?

இரு நாட்டிலும் அன்றாட உடை மேல்நாட்டு உடைதான். ஜப்பானிய அரசு 1872லேயே அரசுச் சடங்குகளுக்கு மேல்நாட்டு உடையை விதித்தது. கொரிய அரசு 1884இல் அகலக் கைகளைக் குறுக்கவும் 1895இல் ஆண்கள் குடுமியை வெட்டவும் ஆணையிட்டபோது மக்கள் கொதித்தெழுந்தார்கள்.

இப்போது கிமோனோ திருமணம், பட்டமளிப்பு, தேநீர்ச் சடங்கு, 3, 5, 7 வயதுக் குழந்தைகளின் நவம்பர் விழா ஆகியவற்றுக்கு வெளியே வருகிறது. கோடை வாணவேடிக்கைக்குப் பருத்தி யுகாதா. ஹன்போக், ‘சொல்லால்’ எனப்படும் கொரியச் சந்திரப் புத்தாண்டுக்கும் சுசொக் அறுவடைத் திருநாளுக்கும் திருமணங்களுக்கும் உரியது. சியோலின் கியொங்போக்குங் அரண்மனைக்கு ஹன்போக் அணிந்து செல்பவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை என்பதால் சுற்றிலும் வாடகைக் கடைகள் நிறைந்திருக்கின்றன. அங்கே கிடைக்கும் சரிகை மின்னும் வலைத்துணிப் பாவாடைகளுள், கம்பி வளையம் வைத்து உப்பச் செய்து முதுகில் பட்டாம்பூச்சி முடிச்சுப் போட்டவையும் இருக்கின்றன. அவை மரபு வெட்டு அல்ல. வாடகைக்கு எடுப்பவர்கள் முன்புறம் ஒற்றைக் காது முடிச்சும் வெள்ளைத் தொங்ஜொங்கும் உள்ள உடையைக் கேட்டு வாங்கினால் நல்லது. பெரும்பாலான கடைகளில் அதுவும் இருக்கும்.

வெளிநாட்டவர் அணிந்தால் தவறாக நினைப்பார்களா?

நான் கண்டவரை மகிழ்கிறார்கள். கியோத்தோவில் கிமோனோ உடுத்தி நடந்தபோது, தெருவில் எதிரே வந்த பாட்டி ஒருவர் என்னை நிறுத்தி, பின்கழுத்துப்பட்டியை இரண்டு விரல் அளவு கீழே இழுத்துச் சரிசெய்துவிட்டு, தலைகுனிந்து வணங்கிச் சென்றார். சியோல் அம்மையாரின் விரல்களும் அந்தப் பாட்டியின் விரல்களும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததைப் புத்தகங்களில் நான் கண்டதில்லை.

பழைய உடைகளை நேரில் பார்க்க எங்கே செல்லலாம்?

சியோலுக்கு அருகே தங்கூக் பல்கலைக்கழகத்தின் சொக் சூசொன் நினைவு அருங்காட்சியகத்தில் கல்லறைகளிலிருந்து மீட்கப்பட்ட சோசொன் கால உடைகளே உள்ளன. நீண்ட ஜொகொரி எப்படிக் குட்டையானது என்பதை அங்கே கண்ணால் அளக்கலாம். கியொங்போக்குங் வளாகத்தின் தேசிய நாட்டுப்புற அருங்காட்சியகமும் நல்ல தொடக்கம். ஜப்பானில் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் எதோ காலக் கொசோதேகளைப் பருவத்துக்கேற்ப மாற்றி மாற்றி வைக்கிறார்கள். கியோத்தோவின் நிஷிஜின் வட்டாரத்தில் தறிச் சத்தம் இன்னும் ஓயவில்லை. அங்குள்ள நெசவு மையத்தில் ஓபிப் பட்டு தறியில் ஏறுவதை அருகே நின்று பார்க்கலாம். துணியைத் தொட அனுமதிக்கும் இடங்களில் கையைத் துடைத்துக்கொண்டு, பட்டின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். தையல் அங்கேதான் இருக்கிறது.